குளிர்கால விடுமுறையில் இமயமலை நடைப்பயணம்: மாறும் வானிலைக்கு ஆயத்தமாவது எப்படி?

புதுதில்லி: பள்ளி, கல்லூரி விடுமுறையும் ஆண்டிறுதி விடுப்பும் ஒன்றுசேரும் டிசம்பர் கடைசி வாரத்தில், உத்தராகண்ட் மற்றும் இமாசலப் பிரதேச மலைப்பாதைகளில் முதுகுப்பையுடன் நடப்போரின் எண்ணிக்கை பெருகுகிறது. இமயமலையின் உயரமான கணவாய்களில் பெரும்பாலானவை அப்போது பனியால் அடைபட்டிருக்கும். எனவே உத்தரகாசி மாவட்டத்தின் கேதார்காந்தா, தயாரா புக்யால், சமோலி மாவட்டத்தின் பிரம்மதால், குவாரி கணவாய் போன்ற சில பாதைகளிலேயே கூட்டம் குவிகிறது.

இப்பாதைகளைப் பயண ஏற்பாட்டாளர்கள் 'எளியவை' அல்லது 'தொடக்க நிலையினருக்கு ஏற்றவை' என்று விளம்பரப்படுத்துவது வழக்கம். பாதையைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மையே. செங்குத்துப் பாறைகள் இல்லை, கயிறு தேவையில்லை, நான்கைந்து நாள்களில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சொல் பாதையை மட்டுமே குறிக்கிறது, வானிலையைக் குறிப்பதில்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை அந்த மலைகளில் ஒரே நாளில் வெயில், காற்று, பனிப்பொழிவு, உறைகுளிர் ஆகிய நான்கும் வந்துபோகலாம்.

மலையின் வானிலை எவ்வளவு விரைவாக உயிரைப் பறிக்கும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று, குளிர்காலத்திலன்றி கோடையிலேயே நிகழ்ந்தது. 2024 ஜூன் முதல் வாரத்தில் உத்தரகாசி மாவட்டத்தின் சகஸ்ர தால் பாதையில் சென்ற 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியது. பெரும்பாலோர் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். ஒன்பது பேர் உயிரிழந்தனர், எஞ்சிய 13 பேர் மீட்கப்பட்டனர். பனிச்சரிவில் புதையுண்டோ பள்ளத்தில் விழுந்தோ அவர்கள் மாளவில்லை. கூடாரத்துக்குத் திரும்பும் வழியில், காற்றும் குளிரும் தாக்கியே இறந்தனர். ஜூன் மாதத்திலேயே இது நிகழக்கூடுமானால், ஜனவரிக்கு எப்படி ஆயத்தமாவது என்பது அசட்டையாக விடக்கூடிய கேள்வியன்று.

மேற்கிலிருந்து வரும் மழையும் பனியும்

தென்னிந்தியப் பயணிகளுக்கு மழை என்றால் பருவக்காற்று. வட இந்திய மலைகளின் குளிர்காலம் வேறொரு கணக்கில் இயங்குகிறது. மத்தியதரைக் கடல் பகுதியில் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் கிழக்கு நோக்கி நகரும் காற்றழுத்தத் தாழ்வுகளே அங்கு மழையையும் பனியையும் கொண்டுவருகின்றன. இவற்றை இந்திய வானிலை ஆய்வுத் துறை 'மேற்கத்திய இடையூறுகள்' என்று குறிப்பிடுகிறது. குளிர்காலத்தில் ஒரு மாதத்துக்குச் சராசரியாக நான்கு முதல் ஆறு வரை இவை வரலாம். எல்லாமே வலிமையானவை அல்ல. சில, வானத்தை மேகமூட்டமாக்கிவிட்டுக் கலைந்துபோகும். சில, இரண்டு நாள்களில் இடுப்பளவு பனியைக் கொட்டிவிட்டுச் செல்லும்.

இவற்றின் வருகையில் ஓர் ஒழுங்கு உண்டு. அதை அறிந்தவர் பாதி ஆயத்தமாகிவிட்டார் எனலாம். இடையூறு நெருங்குவதற்கு ஒரு நாள் முன்பாக மிக உயரத்தில் நார்நாராக வெண்மேகங்கள் மேற்கிலிருந்து படரத் தொடங்கும். சூரியனையோ நிலவையோ சுற்றி ஒளிவட்டம் தோன்றலாம். இரவுகள் வழக்கத்தைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். மேகங்கள் நிலத்தின் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுப்பதே காரணம். முதன்முறை செல்வோர் இந்த வெதுவெதுப்பை நற்செய்தியாக எடுத்துக்கொள்வதுண்டு. உண்மையில் அது எச்சரிக்கை. பின்னர் மேகம் தடித்துத் தாழ்ந்து, பனி பொழியத் தொடங்கும்.

இடையூறு கடந்துசென்றதும் வானம் கண்ணாடிபோல் தெளியும். வடமேற்கிலிருந்து உலர்ந்த குளிர்காற்று வீசும். பனி பொழியும் இரவைவிட, பனி நின்று வானம் தெளிந்த மறுநாள் இரவே கடுங்குளிரானது. பயணிகள் பலரும் இதை எதிர்பாராமல், 'வானிலை சரியாகிவிட்டது' என்று எண்ணி ஆடைகளைக் குறைத்துக்கொண்டு அவதியுறுகின்றனர்.

உயரம்காட்டும் கைக்கடிகாரம் வைத்திருப்போருக்கு மேலும் ஒரு குறிப்பு. இத்தகைய கடிகாரங்களில் பல, காற்றழுத்தத்தை அளந்தே உயரத்தைக் கணக்கிடுகின்றன. கூடாரத்தைவிட்டு நகராமலே இருக்க, காலையில் பார்க்கும்போது உயரம் முப்பது நாற்பது மீட்டர் கூடியிருந்தால், மலை வளர்ந்துவிடவில்லை. காற்றழுத்தம் குறைந்திருக்கிறது என்று பொருள். வானிலை கெடப்போகிறது.

எச்சரிக்கை வண்ணங்களைப் படிப்பது

வானிலை ஆய்வுத் துறை மாவட்டவாரியாக ஐந்து நாள்களுக்கான எச்சரிக்கைகளை நான்கு வண்ணங்களில் வெளியிடுகிறது. பச்சை என்றால் எச்சரிக்கை ஏதுமில்லை. மஞ்சள் என்றால் நிலைமையைக் கவனித்துவர வேண்டும். ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் நடவடிக்கை எடுக்க வேண்டிய நேரம். 'மௌசம்' செயலியில் இவற்றைக் காணலாம். டேராடூன், சிம்லா, ஸ்ரீநகர் வானிலை மையங்களும் தத்தம் பகுதிக்கான அறிக்கைகளை நாள்தோறும் வெளியிடுகின்றன. இடி, மின்னலுக்கென புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி உள்ளது.

மஞ்சளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் சமவெளிவாசிகளிடம் இருக்கிறது. நகரத்தில் மஞ்சள் எச்சரிக்கை என்றால் குடை எடுத்துச் செல்வதோடு முடிந்துவிடும். 3,400 மீட்டர் உயரத்தில் கூடாரத்தில் தங்கியிருப்பவருக்கு அதே மஞ்சளின் பொருள் வேறு.

இந்த எச்சரிக்கைகளுக்கு ஓர் எல்லையும் உண்டு. உத்தரகாசி என்பது நிர்வாகத்துக்கு ஒரே மாவட்டம். ஆனால் அதில் ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஆற்றங்கரைக் கிராமங்களும் இருக்கின்றன, ஆறாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்களும் இருக்கின்றன. கேதார்காந்தா அம்மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், இமாசல எல்லையை ஒட்டிய மோரி வட்டாரத்தில் அமைந்துள்ளது. எனவே அங்குச் செல்வோர் உத்தரகாசியுடன் இமாசலத்தின் சிம்லா, கின்னௌர் மாவட்ட எச்சரிக்கைகளையும் பார்ப்பது நல்லது. இடையூறு மேற்கிலிருந்து வருவதால், இமாசலத்தில் முதலில் தெரிவது சில மணி நேரத்தில் இங்கும் வந்துசேரும். குஃப்ரி, முக்தேஷ்வர், சுர்கண்டா தேவி ஆகிய இடங்களில் நிறுவப்பட்டுள்ள டாப்ளர் ரேடார்கள் குறுகிய நேர முன்கணிப்பைக் கூர்மையாக்கியுள்ளன. ஆயினும் மலைமுகடுகள் ரேடார் அலைகளை மறைப்பதால் ஒவ்வொரு பள்ளத்தாக்கையும் அவற்றால் எட்டிப்பார்க்க இயலாது.

(பெயர் ஒற்றுமையால் நேரும் குழப்பம் ஒன்றையும் இங்கே சுட்டலாம். கேதார்காந்தா வேறு, ருத்ரபிரயாக் மாவட்டத்தில் உள்ள கேதார்நாத் வேறு. இரண்டும் வெவ்வேறு ஆறுகளின் பள்ளத்தாக்குகளைச் சார்ந்தவை. ஒன்றுக்கான வானிலையை வைத்து மற்றதற்குப் புறப்படுவது வீண்.)

பனிச்சரிவுக்கான எச்சரிக்கை தனியானது. பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பின்கீழ் சண்டீகரில் இயங்கும் பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம் அதை வெளியிடுகிறது. இடர் அளவு ஒன்று முதல் ஐந்து வரை குறிக்கப்படும். வானிலைச் செயலி பச்சையாக இருக்கும் நாளிலும் பனிச்சரிவு எச்சரிக்கை உயர்ந்திருக்கலாம். காரணம் எளிது: பனிப்பொழிவு நின்ற பிறகு வரும் ஓரிரு நாள்களே சரிவு நிகழ அதிக வாய்ப்புள்ள நேரம். புதிய பனி பழைய அடுக்கின்மீது இன்னும் பிடிப்பு கொண்டிருக்காது. முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை வரை சாய்ந்த சரிவுகளே மிகவும் ஆபத்தானவை. அதைவிடத் தட்டையானவற்றில் பனி நின்றுவிடும். அதைவிடச் செங்குத்தானவற்றில் சேர்வதற்கு முன்பே உதிர்ந்துவிடும்.

2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் காங்டாக்–நாதுலா சாலையில் நிகழ்ந்த பனிச்சரிவில் சுற்றுலாப் பயணிகள் ஏழு பேர் இறந்தனர். பதின்மூன்றாவது மைல் வரை மட்டுமே அனுமதிச்சீட்டு வழங்கப்பட்டிருந்தும், பயணிகள் பதினைந்தாவது மைல் வரை சென்றிருந்ததாகக் காவல்துறை தெரிவித்தது. 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா சிகரத்தருகே நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் காணாமற்போயினர். அவர்கள் பயிற்சி பெற்றுவந்தோரும் பயிற்றுநர்களும் ஆவர். பயிற்சியுள்ளோரையே பனிச்சரிவு விட்டுவைக்காதபோது, சாதாரணப் பயணி செய்யக்கூடியது ஒன்றுதான்: அத்தகைய சரிவின் கீழே நடவாதிருப்பது.

உயரமும் குளிரும்: ஒரு கணக்கு

காற்றின் வெப்பநிலை, ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. டிசம்பர் இறுதியில் டேராடூனில் நண்பகல் வெப்பநிலை 20 டிகிரி என்று கொள்வோம். நகரம் ஏறத்தாழ 640 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேதார்காந்தா உச்சி ஏறத்தாழ 3,800 மீட்டர். ஆக, அதே நண்பகலில் உச்சியில் சுழியம் டிகிரியை ஒட்டிய நிலை. இரவில் அது மேலும் பத்து டிகிரிக்கு மேல் இறங்கும்.

இதனுடன் காற்றைச் சேர்க்க வேண்டும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோல் உணரும் குளிர் ஏறத்தாழ மைனஸ் 20 டிகிரிக்கு ஒப்பானது. உச்சிப் பயணம் பெரும்பாலும் அதிகாலை மூன்று, நான்கு மணிக்குத் தொடங்குகிறது. சூரியோதயத்தை மேலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆவலே காரணம். சுவர்க்காரோகிணி, பந்தர்பூஞ்ச் சிகரங்களின்மீது முதல் ஒளி விழுவது கண்கொள்ளாக் காட்சியே, மறுப்பதற்கில்லை. ஆயினும் நாளின் மிகக் குளிர்ந்த வேளையில், மரங்களற்ற திறந்த முகட்டில், இருளில் நடக்க வேண்டியிருக்கிறது. வரிசை நீண்டு பயணிகள் நின்று நின்று நகரும் கூட்ட நாள்களில் உடல் இன்னும் வேகமாகக் குளிர்கிறது. ஒரு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டு, விடிந்தபின் உச்சியை அடைவதால் இழப்பது ஒரு நிழற்படம் மட்டுமே.

உயரத்தின் மறுபக்கம் மூச்சு. 3,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் உயரநோய் வரலாம். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியன முதல் அறிகுறிகள். மூவாயிரம் மீட்டரைத் தாண்டியபின், உறங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அளவுகோல்.

கேதார்காந்தாவின் வழக்கமான பயணத்திட்டத்தை இதனுடன் ஒப்பிடுவது பயனுடையது. சாங்கிரி கிராமம் ஏறத்தாழ 1,950 மீட்டர். முதல் முகாம் ஜூடா கா தாலாப், ஏறத்தாழ 2,770 மீட்டர். அடுத்த இரவு கேதார்காந்தா அடிவார முகாம், ஏறத்தாழ 3,430 மீட்டர். ஒரே நாளில் உறங்குமிடம் 660 மீட்டர் உயர்கிறது. சென்னையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ விமானத்தில் டேராடூன் வந்து, மறுநாள் பத்து மணி நேரம் வாகனத்தில் குலுங்கி, அதற்கடுத்த நாளே நடக்கத் தொடங்குபவரின் உடல் கடல்மட்டத்தைவிட்டு வந்து மூன்றே நாள்கள் ஆகியிருக்கும். பெரும்பாலானோர் தலைவலியோடு சமாளித்துவிடுகின்றனர். சமாளிக்க இயலாதோர் சிலர் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கின்றனர். சாங்கிரியிலோ ஜூடா கா தாலாபிலோ ஓர் இரவு கூடுதலாகத் தங்குவதே இதற்கு மலிவான மருந்து. அசெட்டசோலமைடு மாத்திரையை முன்னெச்சரிக்கையாக எடுப்பதென்றால் மருத்துவரிடம் கேட்டே எடுக்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளோருக்கு அது ஆகாது. படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், நுரையுடன் இருமல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியன தோன்றினால் மாத்திரைக்கும் விடியலுக்கும் காத்திராமல் கீழே இறக்குவதே சிகிச்சை.

முதுகுப்பைக்குள் என்ன இருக்க வேண்டும்

தமிழ்நாட்டிலிருந்து முதன்முறை பனிமலைக்குச் செல்வோர் செய்யும் வழக்கமான பிழை, ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டை வாங்கி, அதன் உள்ளே பருத்திச் சட்டை அணிவது. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. ஏறும்போது நனைந்த அச்சட்டை, ஓய்வுக்கு நின்ற ஐந்து நிமிடத்தில் உடம்பின்மேல் ஒட்டிய ஈரத்துணியாகிவிடும். உள்ளே வியர்வையை வெளியேற்றும் செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளித் தெர்மல், நடுவே ஃப்ளீஸ் மற்றும் மென்சிறகு ஜாக்கெட், வெளியே காற்றும் நீரும் புகாத மேலுடை என மூன்றடுக்காக அணிவதே முறை. ஏறும்போது ஓர் அடுக்கைக் கழற்றிவிட்டு, லேசான குளிரோடு நடக்கத் தொடங்க வேண்டும். நிற்கும்போது, குளிர் உறைப்பதற்கு முன்பே மீண்டும் அணிய வேண்டும். சோம்பல் பார்க்காமல் நாளொன்றுக்குப் பத்து முறை இதைச் செய்பவரே உலர்ந்த உடம்போடு கூடாரம் சேர்கிறார்.

மென்சிறகு ஜாக்கெட் நனைந்தால் பயனற்றுப்போகும். பையின் மேல் போடும் மழையுறை காற்றில் பறந்துவிடக்கூடியது. ஆகவே பைக்குள்ளேயே ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் உறையிட்டு, அதனுள் உடைகளையும் ஸ்லீப்பிங் பேக்கையும் வைப்பது நம்பகமானது. இரவில் மட்டும் அணிவதற்கென ஒரு முழு உலர் உடையும் இரண்டு இணை கம்பளிக் காலுறையும் ஒதுக்கி, பகலில் எக்காரணத்தாலும் அவற்றைத் தொடாதிருக்க வேண்டும்.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ அதில் அச்சிட்ட வெப்பநிலையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். 'வசதி' அளவு ஒன்று, 'எல்லை' அளவு ஒன்று இருக்கும். கடைக்காரர்கள் பெரிதாகக் காட்டுவது பெரும்பாலும் எல்லை அளவையே. முன்னதை நம்பியே முடிவெடுக்க வேண்டும். அடியில் விரிக்கும் பாயும் அதே அளவு முக்கியம். உடல் வெப்பத்தைப் பனித்தரை கீழிருந்து உறிஞ்சும்.

காலணிக்கு மேல் மாட்டும் மைக்ரோ ஸ்பைக், பனி உள்ளே புகாதிருக்கக் கணுக்காலைச் சுற்றும் கெய்ட்டர், இரண்டு கைத்தடிகள், தலையில் கட்டும் டார்ச், உள்ளும் வெளியுமாக இரண்டடுக்குக் கையுறை, புற ஊதாக்கதிர் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றைத் தவிர்க்க இயலாது. புதுப்பனி புற ஊதாக்கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். கண்ணாடியில்லாமல் ஒரு பகல் நடந்தால் மாலையில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரிச்சல் தொடங்கி, சில மணி நேரம் பார்வையே மங்கிவிடக்கூடும்.

பனி குறைந்த ஆண்டு என்று மைக்ரோ ஸ்பைக்கை விட்டுச்செல்வதும் தவறு. 2024 ஜனவரியில் குல்மார்க் உள்ளிட்ட இடங்கள் மாதக் கடைசிவரை பனியின்றி வறண்டு கிடந்தன. அத்தகைய ஆண்டுகளில் பாதையோரக் கசிவுநீர் உறைந்து, மண்ணின் நிறத்திலேயே வழுக்கும் படலமாகிவிடும். மென்பனியைவிட அதில்தான் எலும்பு முறிகிறது.

சிறு பொருள்களில் குளிர் செய்யும் மாற்றங்களையும் அறிந்திருக்க வேண்டும். மின்கலங்கள் குளிரில் விரைவாக இறங்கும். கைப்பேசி, பவர் பேங்க், டார்ச் மின்கலம் ஆகியவற்றை இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு உறங்க வேண்டும். நீர் மேலிருந்து உறையத் தொடங்கும் என்பதால் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் காலையில் மூடி திறக்கும். பியூட்டேன் மட்டும் அடைத்த அடுப்புக்கலன் சுழியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் கலந்த கலன் வேண்டும். அடுப்புக்கலனை விமானத்தில் கொண்டுசெல்ல அனுமதியில்லை என்பதால் டேராடூனிலேயே வாங்க வேண்டும். நுண்குழாய் நீர்வடிகட்டி ஒருமுறை உள்ளே உறைந்துவிட்டால் பழுதாகிவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

செயற்கைக்கோள் கைப்பேசி, செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் கருவி ஆகியவற்றை உரிமமின்றி இந்தியாவில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டில் வாழும் உறவினர் அன்போடு வாங்கித் தந்தாலும் கொண்டுவரக் கூடாது. விமான நிலையங்களில் இதற்காகப் பயணிகள் தடுத்து வைக்கப்பட்டுள்ளனர்.

பையின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நலம். இயலாதோர் பையைக் கோவேறு கழுதையில் ஏற்றி அனுப்புகின்றனர். அதில் ஒரு கண்ணி இருக்கிறது: கழுதை முன்னே போய்விடும்; வழியில் பனி பொழியத் தொடங்கினால் ஜாக்கெட் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். மேலுடை, சூடான ஓர் அடுக்கு, கையுறை, டார்ச், நீர், கொஞ்சம் வேர்க்கடலை மிட்டாய், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆகியவை எப்போதும் தோளிலேயே இருக்க வேண்டும்.

கூடாரத்திலும் அறையிலும்

குளிருக்கு அஞ்சி மூடிய இடத்தில் நெருப்பு வைப்பதால் நேரும் உயிரிழப்பு மலைப்பகுதிகளில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தியாகிறது. 'அங்கீத்தி' எனப்படும் கரிக்கணப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி உறங்குவோர், மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயுவால் உறக்கத்திலேயே இறக்கின்றனர். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவதும் அதே ஆபத்தே. காற்றுத் துளைகளைப் பனி மூடாமல் இரவில் எழுந்து தட்டிவிட வேண்டும்.

பனியில் நின்றுவிட்ட வாகனத்துக்கும் இது பொருந்தும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலைநகரில் பனிப்புயலில் வாகனங்களுக்குள் சிக்கியோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புகைபோக்கிக் குழாயைப் பனி அடைத்துக்கொண்டிருக்க, இயந்திரத்தை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொள்வது நஞ்சை உள்ளே இழுப்பதற்குச் சமம். இமாசலத்தில் சோலங் முதல் அடல் சுரங்கப்பாதை வரையான சாலையில் ஆண்டிறுதிப் பனிப்பொழிவின்போது வாகனங்கள் நூற்றுக்கணக்கில் சிக்குவது வழக்கமாகிவிட்டது. குழாயைச் சுற்றிப் பனியை அகற்றி, சன்னலைச் சிறிது திறந்து, விட்டுவிட்டே இயந்திரத்தை ஓட்ட வேண்டும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதே ஹைப்போதெர்மியா. நடுக்கம், கைத்தடுமாற்றம், முணுமுணுப்பு, தள்ளாட்டம் என்ற வரிசையில் அது வெளிப்படும். 'எனக்கு ஒன்றுமில்லை, சற்று உட்கார்ந்துவிட்டு வருகிறேன்' என்று பாதிக்கப்பட்டவர் சொல்வதை ஏற்கக் கூடாது. தன் நிலையை உணரும் தெளிவையே அந்நோய் முதலில் பறிக்கிறது. காற்றுப்படாத இடத்துக்குக் கொண்டுசென்று, ஈர உடையை மாற்றி, தரைக்கும் உடலுக்கும் இடையே பாய் விரித்து, ஸ்லீப்பிங் பேக்கில் போர்த்தி, நினைவோடு இருந்தால் சூடான இனிப்புத் தேநீர் கொடுக்க வேண்டும். மது கூடவே கூடாது. அது தோலின் இரத்தக்குழாய்களை விரித்து, எஞ்சிய வெப்பத்தையும் வெளியேற்றிவிடும். விரல்கள் வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது, நெருப்பில் காட்டக் கூடாது. மீண்டும் உறையும் வாய்ப்பு இல்லாத இடத்தை அடைந்த பிறகே 37 முதல் 39 டிகிரி வரை வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்த வேண்டும்.

திரும்பும் சீட்டு என்ற நெருக்கடி

மலைப் பயணங்களில் தவறான முடிவுகள் பல, மலையில் எடுக்கப்படுவதில்லை. ஊரிலேயே, பயணச்சீட்டு முன்பதிவு செய்யும்போதே எடுக்கப்பட்டுவிடுகின்றன. விடுப்பு ஏழு நாள், நடை ஐந்து நாள், போகவர இரண்டு நாள் என்று இறுகக் கட்டிய திட்டத்தில், பனிப்பொழிவுக்காக ஒரு நாள் கூடாரத்தில் அடங்கியிருக்க இடமே இல்லை. ஆகவே எச்சரிக்கை வந்தபின்னும் நடக்கின்றனர்.

இதில் ஒரு சங்கிலித் தொடர்ச்சியும் உண்டு. மேற்கத்திய இடையூறு கடந்தபின் மலையில் வானம் தெளிந்தாலும், கீழே சிந்து–கங்கைச் சமவெளியில் அடர்மூடுபனி கவியும். தில்லியில் விமானங்களும் தொடர்வண்டிகளும் பல மணி நேரம் தாமதமாகும். பயணி அரை நாள் பிந்தி டேராடூன் சேர்கிறார். இழந்த நேரத்தை ஈடுகட்ட, உடலை உயரத்துக்குப் பழக்கவென ஒதுக்கிய ஓய்வு நாளே முதலில் வெட்டப்படுகிறது. போகும்போது ஒரு நாள், மலையில் ஒரு நாள், திரும்பும்போது ஒரு நாள் என மூன்று நாள்களை வெறுமையாக விட இயலாதவர், குறுகிய பாதையைத் தேர்வது நல்லது. தயாரா புக்யால் அதற்குப் பொருத்தமானது. ரைத்தல் கிராமத்திலிருந்து புறப்பட்டுக் குறைந்த நாள்களில் பனிப்புல்வெளியைப் பார்த்துத் திரும்பிவிடலாம்.

குழுவாகச் செல்வோர், உச்சியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் திரும்பத் தொடங்கும் நேரத்தை முந்தைய இரவே முடிவு செய்துகொள்ள வேண்டும். கேதார்காந்தாவில் முற்பகல் பத்து மணி என்பது பொருத்தமான வரையறை. நண்பகலுக்குப் பிறகு முகட்டில் மேகம் கூடுவதும் காற்று வலுப்பதும் வழக்கம். டிசம்பர் கடைசியில் டேராடூனிலேயே மாலை ஐந்தரைக்குள் கதிரவன் மறைந்துவிடும். மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் நிழல் அதற்கும் முன்னதாக இறங்கும்.

சாங்கிரி, சௌர் போன்ற கிராமங்களைச் சேர்ந்த வழிகாட்டிகளின் சொல்லுக்குச் செயலியைவிடக் கூடுதல் மதிப்புத் தரலாம். எந்தச் சரிவில் சென்ற ஆண்டு பனி இறங்கியது, எந்த ஓடை முதலில் உறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். 'இன்று வேண்டாம்' என்று அவர் சொல்லும்போது, கட்டிய பணத்தை முன்னிறுத்தி வாதிடுவோர் ஒவ்வொரு குழுவிலும் ஓரிருவர் இருக்கவே செய்கின்றனர். வழிகாட்டியின் முடிவே இறுதியானது என்பதைப் புறப்படுமுன் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தால் அந்த வாதம் எழாது.

கேதார்காந்தா பாதை கோவிந்த் வனவிலங்குச் சரணாலயப் பகுதிக்குள் வருவதால் வனத்துறை அனுமதி தேவை. இமாசலத்தின் காங்ரா மாவட்டத்தில், திரியுண்ட் உள்ளிட்ட பாதைகளுக்குப் பனிப்பொழிவு எச்சரிக்கையின்போது மாவட்ட நிர்வாகம் தடை விதிப்பதுண்டு. லடாக்கின் சன்ஸ்கார் ஆற்றுப் பனிப்படலத்தின்மீது நடக்கும் 'சாதர்' பயணத்துக்கு முன், லே நகரில் தங்கி உடலைப் பழக்கி, மருத்துவப் பரிசோதனையும் முடிக்க வேண்டும். அது முதல் பனிநடைக்கு உரிய பாதையன்று. காப்பீடு எடுப்போர், அது எத்தனை மீட்டர் உயரம் வரையான நடைப்பயணத்துக்குச் செல்லும் என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மோரியைத் தாண்டினால் கைப்பேசி இணைப்பை நம்ப இயலாது. செல்லும் பாதை, முகாம்கள், வழிகாட்டியின் தொடர்பு எண், திரும்பும் நாள், எந்த நாள் எந்த மணிக்குள் அழைப்பு வராவிட்டால் தகவல் கொடுக்க வேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். நாடெங்கும் அவசர உதவிக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 108, மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 ஆகிய எண்களை அழைக்கலாம். வேறு மாநிலத்திலிருந்து 1070, 1077 ஆகியவற்றை அழைத்தால் அழைப்பு உள்ளூர்க் கட்டுப்பாட்டு அறைக்கே செல்லக்கூடும். எனவே செல்லும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் முழுத் தொலைபேசி எண்ணையும், பகுதிக் குறியீட்டுடன், அதே தாளில் எழுதி வைக்க வேண்டும்.